அடினாவின் கல்யாண கேக்

சால்ட்டர்ஸ் ரிட்ஜ் சபையில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவளைவிட அவள் கேக்குக்குத்தான் மரியாதை அதிகம். முதல் நாளே வெள்ளை உடுத்திய பெண்கள் அதைத் தலையில் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மைல் நடப்பது அந்தப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய சிலுவை என்று ஊருக்கே தெரியும். மறுநாள் கோயிலில் தாலிக்குப் பதில் மோதிரம் ஏறியதும் எல்லோரும் பந்தலுக்கு வந்துவிடுவார்கள். கேக் அங்கே சல்லாத்துணி போட்டு மூடியபடி மேசையில் இருக்கும். பெண் முகத்திரையோடு அதன் பின்னால் நிற்பாள். அதற்கப்புறம் ஏலம்.

துணியை எடு என்று ஒருவர் இரண்டு ஷில்லிங் போடுவார். எடுக்காதே, மூடியே இருக்கட்டும் என்று இன்னொருவர் மூன்று போடுவார். இப்படியே கொஞ்ச நேரம் மாறி மாறிப் போட்டுவிட்டு, கடைசியில் மூடச் சொன்னவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். விளையாட்டுதான். சேரும் பணம் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும். பத்தில் ஒரு பங்கு கோயில் கூரைக்கு. மெதடிஸ்ட்காரர்களுக்குச் சூதாட்டம் பாவம், இந்த ஏலம் மட்டும் பாவமில்லை என்பதற்கு அந்தப் பத்தில் ஒன்றுதான் ஆதாரம். ஆனாலும் மாதம் ஒரு தடவை மட்டும் ரிட்ஜுக்கு வரும் போதகர் இந்த நேரம் பார்த்து அடுத்த மலையில் யாருக்கோ ஞானஸ்நானம் என்று குதிரை ஏறிவிடுவார். அடினாவின் கல்யாணத்தன்றும் ஏறிவிட்டார்.

துணி விலகும்வரை பெண் உட்காரக் கூடாது, எதையும் வாயில் வைக்கக் கூடாது. துணி விலகிய பிறகுதான் மாப்பிள்ளை அவள் முகத்திரையைத் தூக்குவான், இருவரும் கேக்கை வெட்டுவார்கள், அவன் வீட்டுக்குக் கிளம்புவார்கள். கேக் வெட்டாமல் ஒரு பெண் புருஷன் வீட்டு வாசற்படியை மிதித்ததாக ரிட்ஜில் சரித்திரமே கிடையாது. ஒரு தடவை பந்தலைப் புயல் தூக்கிப்போய், கேக் வெட்ட இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்தப் பெண் இரண்டு நாளும் அம்மா வீட்டில்தான் படுத்தாள்.

அடினாவுக்கு அம்மா வீடு இல்லை. மிஸ் யூனிஸ் வீடுதான் இருந்தது; ரிட்ஜில் வயதில் மூத்த பெண்கள் எல்லோருமே மிஸ்தான். எட்டு வயதில், படிக்கவைக்கிறேன் என்று சொல்லி மிஸ் யூனிஸ் அவளை வாங்கிக்கொண்டாள். படிக்கவைத்தாள்தான், மூன்றாம் வகுப்புவரை. அப்புறம் தண்ணீர் சுமப்பது, பிமெண்டோ மிளகைக் காயவைப்பது, கடையைப் பெருக்குவது, ராத்திரியில் மிஸ் யூனிஸின் முழங்கால்களுக்குத் தைலம் தேய்ப்பது என்று பாடம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. சம்பளம் என்று எதுவும் கிடையாது. பெற்ற மகளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று மிஸ் யூனிஸ் கேட்பாள். பெற்ற மகளை யாராவது சமையலறை பெஞ்சில் படுக்கவைப்பார்களா என்று திருப்பிக் கேட்க ஆள் இல்லை. மிஸ் யூனிஸ் கைம்பெண், கடைக்காரி, பிமெண்டோ தோட்டக்காரி. போதாததற்குச் சபையில் பெண்களின் ஜெப வகுப்புக்குத் தலைவி. அவள் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் கல்லும் அழும் என்பார்கள்.

கொத்தனார் ஹெட்லி தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டான் என்று அடினா வந்து சொன்னபோது மிஸ் யூனிஸ் முதலில் கேட்டது, "அப்ப என் முழங்காலை யாரு பாப்பா?" என்றுதான். அப்புறம் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, தானே துணி எடுத்துக் கொடுத்தாள், ஆடு கொடுத்தாள், பந்தல் போட இடமும் கொடுத்தாள். சபை முழுக்க அவளைப் புகழ்ந்து தள்ளியது. அடினாவும் அதை நம்பி, நன்றியில் அழுதாள். கல்யாண கேக்கை மட்டும் அவளே செய்துகொண்டாள், ஏனென்றால் ரிட்ஜில் அவளைப்போல் கேக் செய்ய ஆள் இல்லை.

அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஹெட்லி தன் கையால் கட்டிய இரண்டு அறை வீட்டில், தன் அடுப்பில், தன் புருஷனுக்குக் காபி போட வேண்டும். அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லி அதட்டமாட்டார்கள். இன்றைக்கு ராத்திரி அங்கே போய்விட்டால் அப்புறம் யாராலும் திருப்பி அழைக்க முடியாது. அது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

குறுக்கே நின்றது இங்கிலாந்து. அந்த வருஷம் ரிட்ஜில் வாலிபர்கள் எல்லோருக்கும் இங்கிலாந்துக் காய்ச்சல். ஹெட்லியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கப்பல் பணம் சேர்த்துவந்தான். இருபது பவுன் குறைந்தது. கிங்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த கப்பல் ஏஜெண்ட் இவனுக்காக ஓர் இடத்தை நிறுத்திவைத்திருந்தான். சனிக்கிழமைக்குள் மீதியைக் கட்டினால் திங்கட்கிழமை கப்பல். கட்ட வழியில்லை என்று ஆனபிறகு ஹெட்லி மனதைத் தேற்றிக்கொண்டு, சரி, இந்தக் கப்பல் போகட்டும், ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு இரண்டு பேருமாகப் போகலாம் என்று அடினாவிடம் சொன்னான். சொல்லும்போது அவன் கண் கடல் பக்கம்தான் இருந்தது.

அந்தக் கண்ணைப் பார்த்ததுதான் வினையாகிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தைய நாள், செவ்வாய்க்கிழமை, வகுப்புக் கூட்டம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் தன் ஆத்துமாவின் நிலையைச் சொல்ல வேண்டும். அங்கே பொய் சொல்வதில்லை. அங்கே சொன்னது வெளியே போவதுமில்லை. நம் சபையின் முதுகெலும்பே அந்த வட்டம்தான் என்று ஒவ்வொரு போதகரும் வந்து சொல்லிவிட்டுப் போவார். அடினாவின் முறை வந்தது. தன்னிடம் ஒரு பாவம் இருக்கிறது என்றாள். ஹெட்லிக்கு அந்த இருபது பவுன் கிடைத்துவிடக் கூடாது என்று தினமும் ஜெபம் செய்வதாகவும், கிடைத்தால் அவன் போய்விடுவான் என்று பயமாக இருப்பதாகவும், இப்படி ஜெபிப்பது தவறென்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை என்றும் சொல்லி அழுதாள். மிஸ் யூனிஸ் வலிக்கிற முழங்காலோடு அவள் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தானும் அழுது ஜெபித்தாள். எழுந்தபோது அடினாவின் மனசு லேசாக இருந்தது.

மறுநாள் ஏலத்தை நடத்தியவர் பிரதர் எசேக்கியா, சபைக் காரியதரிசி. குரல் பெரிது, வாய் அதைவிடப் பெரிது. "இந்தத் துணிக்குள்ள கேக்குதான் இருக்கா, இல்ல மாப்பிள்ளையோட கடன்காரங்க ஒளிஞ்சிருக்காங்களா? பாக்கணும்னா காசு போடுங்க" என்று ஆரம்பித்தார். பந்தல் சிரித்தது. ஆட்டுத்தலை சூப்பும் வறுத்த சீமைப்பலாவும் கைமாறின. சமையல்கட்டுக்குப் பின்னால் சில ஆண்கள் இஞ்சிச் சாறு என்ற பெயரில் வேறு எதையோ குடித்துக்கொண்டிருந்தார்கள். மெதடிஸ்ட் கல்யாணத்தில் ரம் கிடையாது என்பதால் அதை யாரும் ரம் என்று சொல்வதில்லை.

இரண்டு ஷில்லிங், துணியை எடு. மூன்று, மூடு. நான்கு, எடு. அப்போது மிஸ் யூனிஸ் நாற்காலியில் இருந்தபடியே கையைத் தூக்கி, பத்து ஷில்லிங், மூடியே இருக்கட்டும் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். வளர்த்தவளுக்கு மகளை அனுப்ப மனசு வரவில்லை பார், என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்திரைக்குள் அடினாவும் சிரித்தாள்.

ஹெட்லியின் சிநேகிதர்கள் நான்கு பேர் சேர்ந்து பன்னிரண்டு போட்டார்கள். மிஸ் யூனிஸ் ஒரு பவுன் என்றாள், அதாவது இருபது ஷில்லிங். ஹெட்லியே எழுந்து, தன் சட்டைப்பையில் இருந்ததைக் கொட்டி, ஒரு பவுன் இரண்டு ஷில்லிங், என் பொண்டாட்டி முகத்த நான் பாக்க வேண்டாமா என்று கேட்டான். பந்தல் குலுங்கியது. மிஸ் யூனிஸ் மூன்று பவுன் என்றாள்.

அதற்குமேல் போட யாரிடமும் காசு இல்லை. இந்த இடத்தில் மூடச் சொன்னவர் சிரித்துக்கொண்டே, சரி எடுங்க என்று சொல்வதுதான் வழக்கம். எல்லோரும் காத்திருந்தார்கள். மிஸ் யூனிஸ் சொல்லவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிரதர் எசேக்கியா இரண்டு மூன்று வேடிக்கை சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அடினா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பந்தலில் அவ்வளவு பேர் இருந்தும், பெண் பாவம், உட்காரட்டும் என்று சொல்ல நாதியில்லை. ஹெட்லியின் அம்மா மிஸ் ரோடா மட்டும் தட்டில் சேர்ந்த பணத்தைப் பார்த்து, நிற்கட்டும் நிற்கட்டும், சின்ன வயசுக் கால்தானே என்றாள்.

அப்புறம் மிஸ் யூனிஸ் எழுந்தாள். கோயிலில் சாட்சி சொல்லும்போது எழுவதைப் போல, மெதுவாக, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்தபடி எழுந்தாள்.

"பிரதர், இருபது பவுன்" என்றாள். "கேக்கு மூடியே இருக்கட்டும். இன்னிக்கு மட்டும் இல்ல. அடுத்த மாசம் போதகர் திரும்பி வர்ற ஞாயித்துக்கிழமவரைக்கும்."

இருபது பவுன் என்ற தொகை எதன் தொகை என்று மாப்பிள்ளைக்குத் தெரியும், அவன் அம்மாவுக்குத் தெரியும், அவன் சிநேகிதர்களுக்குத் தெரியும். அதை மிஸ் யூனிஸுக்குச் சொன்னது யார் என்று அடினாவுக்குத் தெரியும். அடுத்த மாதம் போதகர் வரும்போது கப்பல் போய் எத்தனையோ நாள் ஆகியிருக்கும், கேக் வெட்ட மாப்பிள்ளை இருக்கமாட்டான். அவன் திரும்பும்வரை அவள் எங்கே படுப்பாள் என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

மிஸ் யூனிஸ் பந்தலைப் பார்த்துத் திரும்பி, இந்தப் பையன் எத்தனை நாளாகத் தேவனிடம் கேட்கிறான், கேட்ட பையனுக்குக் கொடுக்க எனக்கு அவர் கொடுத்திருக்கிறார், நான் அவருடைய கை மட்டும்தான் என்றாள். பழக்கதோஷத்தில் நான்கைந்து பேர் ஆமென் என்றார்கள். போய் வேலை தேடிக்கொண்டு அவன் கூப்பிட்டால் இவள் போகட்டும், அதுவரை நான் பட்டினி போட்டுவிடுவேனா என்றும் கேட்டாள். கூப்பிடுகிறேன் என்று போனவர்களின் பெண்டாட்டிகள் பந்தலிலேயே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் யாரும் ஆமென் சொல்லவில்லை.

ஹெட்லி தட்டைப் பார்த்தான். முகத்திரையைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அடினா அவன் கேட்கும் அளவுக்கு மட்டும், "வேணாம், ஹெட்லி" என்றாள். அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"போதும் பிரதர் விளையாட்டு" என்றான். "கப்பல் அடுத்த வருஷமும் வரும். துணிய எடுங்க."

அடினாவுக்கு உயிர் வந்தது. அந்த ஒரு நிமிஷம் அவள் அவனைக் காதலித்ததைப் போல எந்தப் பெண்ணும் எந்த ஆணையும் காதலித்திருக்க முடியாது. பிரதர் எசேக்கியா நிம்மதியாக மூச்சு விட்டு, துணியின் நுனியைப் பிடித்துவிட்டார்.

"எடுக்கலாம்" என்றாள் மிஸ் யூனிஸ். "நல்ல பையன்ப்பா நீ. எடுக்கறதுக்கு முன்னாடி உன் பொண்டாட்டிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுரு. நேத்து வகுப்புல என்ன ஜெபம் பண்றதா சொன்னா, அத கேளு."

வகுப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் அந்தப் பந்தலில்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து, அது வெளியே வரக் கூடாத பேச்சு, தலைவியே உடைக்கலாமா என்று கேட்டிருக்கலாம். ஒருத்தியாவது கேட்டிருக்கலாம். அத்தனை பேரும் தட்டில் இருந்த ஆட்டுக்கறியை அப்போதுதான் முதல்தடவையாகப் பார்ப்பதைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் யூனிஸ் கடையில் எல்லோருக்கும் கடன் இருந்தது.

ஹெட்லி சிரிக்கப் பார்த்தான். "என்னடி ஜெபம்?" என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். நல்ல புருஷன் கிடைத்ததற்கு நன்றி சொன்னேன் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான், பந்தலும் கைதட்டியிருக்கும். ஆனால் பதினைந்து வருஷம் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்த வட்டத்தில் உட்கார்ந்தவள் அவள். சபை முன்னால் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். பழக்கியவள் எதிரிலேயே நின்றாள், அவள் சொல்லிவிடுவாள் என்று நன்றாகத் தெரிந்து.

"அந்தப் பணம் உனக்குக் கெடைக்கக் கூடாதுன்னு" என்றாள் அடினா.

ஹெட்லிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் முகம் மாறியதை அவள் திரைக்குள்ளிருந்து பார்த்தாள். ஒரு வருஷம் மட்டும்தான் கேட்டேன், உன்னோடு ஒரு வருஷம் இருந்துவிட்டு, என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க அவன் விடவில்லை.

"நான் முழங்கால் தேயத் தேய நின்னு கேட்டேன், குடு ஆண்டவரே, குடு ஆண்டவரேன்னு" என்றான். "நீ பக்கத்துலயே நின்னு அதே ஆண்டவர்கிட்ட குடுக்காதேன்னு கேட்டியா?"

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூட அவளுக்கு வழி இருந்திருக்கும். கோபம் என்றால் ராத்திரிக்குள் ஆறும். அவன் கல்லுக்குச் சாந்து பூசும்போது அளவு பார்ப்பதைப் போல அவளைப் பார்த்தான். எத்தனை வருஷமாகச் சேர்த்தது, எத்தனை வேளை சாப்பிடாமல் சேர்த்தது, அது கூடாமல் போனதற்கெல்லாம் இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வெள்ளைத்துணி உடுத்திக்கொண்டு எதிரில் நின்றது. மிஸ் ரோடா, வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே என் பிள்ளைக்குக் குழி வெட்டினாளே என்று ஆரம்பித்தாள். அவன் அம்மாவைக் கை அமர்த்தினான்.

"மூடியே இருக்கட்டும், பிரதர்" என்றான்.

பிரதர் எசேக்கியா துணியின் நுனியை விட்டார். அதைத் தடவிச் சரிசெய்துகொண்டு நின்றார். ஆனால் பணம் தட்டில் விழுந்ததும் காரியதரிசி விழித்துக்கொண்டார். இந்த இருபதிலும் பத்தில் ஒன்று கோயில் கூரைக்குப் போகுமா என்று யாரோ கேட்க, மிஸ் யூனிஸ் கைப்பையைத் திறந்து, கூரைப் பங்கையும் தனியாகப் போட்டாள். இந்தச் சபை பார்த்த மிகப் பெரிய கல்யாணக் காணிக்கை இதுதான் என்று பிரதர் எசேக்கியா அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்று துதிப்பாட்டுப் பாடினார்கள். ரிட்ஜ்காரர்கள் நன்றாகப் பாடுவார்கள். ஹெட்லியும் பாடினான், கண்ணை மூடிக்கொண்டு.

அடினாவுக்குப் பாட்டு வரவில்லை. முகத்திரைக்குள் மூச்சு முட்டியது. அதைத் தூக்கக் கையை எடுத்தாள். இரண்டு பெண்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். கேக் மூடியிருக்கும்போது பெண் முகத்தைத் திறந்தால் புருஷனுக்கு ஆகாது என்றார்கள். அவன் வேறு கடல் தாண்டப் போகிறான் என்றார்கள். நேற்று வகுப்பில் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் கை அன்பாகத்தான் இருந்தது, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஹெட்லி விடைபெற அவள் அருகே வரவில்லை. கிங்ஸ்டனுக்குப் போகிற லாரி விடிவதற்குள் கிளம்பும், மூட்டை கட்ட வேண்டும் என்று சிநேகிதர்களோடு போய்விட்டான். பந்தலுக்கு வெளியே போனபிறகு ஒரு தடவை நின்றான். திரும்பிப் பார்ப்பான் என்று அவள் நினைத்தாள். செருப்பில் கல் மாட்டியிருந்தது, உதறிவிட்டு நடந்தான்.

வெயில் தாழ்ந்ததும் மிஸ் யூனிஸ் வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மலைப்பாதையில் இறங்கினார்கள். திரைக்குள்ளிருந்து பாதை சரியாகத் தெரியவில்லை, அடினா அவள் பிடியில்தான் நடக்க வேண்டியிருந்தது. மிஸ் யூனிஸுக்குக் கோபமே இல்லை. நல்ல காரியம் செய்து முடித்தவளின் களைப்போடு, கரிசனமாகப் பேசிக்கொண்டு வந்தாள்.

"பாத்து கால வையிம்மா, கல்லு இருக்கு. வீட்டுக்குப் போனதும் மொதல்ல டிரெஸ்ஸக் கழட்டி மடிச்சு வையி, கறை பட்டா போகாது. காலையில பிமெண்டோ பறிக்க ஆள் வருது. எட்டு பேருக்குக் கஞ்சி வெக்கணும்."

"சரிங்க மிஸ்" என்றாள் அடினா.

நினைத்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. பந்தலில் அவ்வளவு நடந்தும் அழாதவள், அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபிறகுதான் அழுதாள். மிஸ் யூனிஸ் அதைக் கவனிக்கவில்லை. முழங்கால் வலிக்கிறது, தைலத்தைச் சூடு பண்ணி எடுத்துவா என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள்.